கோல்ட் ரூமில் அமோனியா கசிவு: தங்கத் துகள் படலமா, பாலிமர் படலமா?

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் மீன் சேமிக்கும் ஒரு கோல்ட் ரூமில் பராமரிப்பு வேலை பார்க்கிற தம்பி ஒருவர், போன மாதம் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார். “அண்ணே, கம்ப்ரஸர் ரூமுக்குள்ள போனாலே லேசா நெடி அடிக்குது. சுவத்துல இருக்கிற மீட்டர் சத்தம் போடமாட்டேங்குது. எந்த வால்வுன்னு தேடுறதுலயே பாதி நாள் போயிடுது. கேஸ் பட்டா நிறம் மாறுற படலம் இருக்காமே, அதுல எதை வாங்குறது?”

மெல்லிய படலங்கள் பூசுவதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதி பதிலைச் சொல்லிவிட்டேன். மீதியைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி இனி நிறையப் பேருக்கு வரும். மீன் கிடங்குகளில் குளிரூட்டும் வாயுவாக அமோனியா பல காலமாக இருக்கிறது. 2024 மார்ச்சில் நம் துறைமுகத்தில் ‘ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர்’ என்ற கப்பல், ஜூரோங் தீவில் ஏற்றிய அமோனியாவை டீசலோடு சேர்த்து எரிபொருளாகப் பயன்படுத்திக் காட்டியது. கப்பலில் வேலை செய்கிறவர்களும் இதே நெடியோடு பழக வேண்டிய காலம் வருகிறது.

முதலில் அளவுகள். சிங்கப்பூர் வேலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு அமோனியாவின் சராசரி 25 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது. கால் மணி நேரத்துக்கு 35 பிபிஎம். 300 பிபிஎம் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்க வேலையிட நல ஆய்வுக்கழகம் வகுத்திருக்கிறது. மூக்கு இதற்கெல்லாம் முன்பே, சில பிபிஎம் அளவிலேயே கண்டுகொள்ளும். ஆனால் அதே அறையில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு மரத்துவிடும். காலையில் அடித்த நெடி மத்தியானம் அடிக்கவில்லை என்றால் கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

சுவரில் இருக்கும் மீட்டர் பெரும்பாலும் மின்வேதி வகை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அலாரம் அடிக்க வேண்டிய வேலைக்கு இன்றும் அதுதான் சரி. சான்றிதழோடு வருகிறது, அளவைச் சொல்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் திரவம் அமோனியா படப்படச் செலவாகும். இரண்டு வருடம் போல ஆனால் மாற்ற வேண்டும். கடுங்குளிரில் மந்தமாகும். எல்லாவற்றுக்கும் மேல், ஓர் அறைக்கு ஒன்றோ இரண்டோதான் மாட்ட முடிகிறது. ‘எந்த வால்வு’ என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. படலத்துக்கு இடம் இருப்பது அங்கேதான்: ஒவ்வொரு வால்வுக்கும், குழாய்கள் இணையும் ஒவ்வொரு ஃபிளாஞ்சுக்கும், பம்ப் தண்டின் சீலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு. ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியை அளக்கும் டயோடு. கேஸ் பட்டால் படலம் விழுங்கும் ஒளி மாறும். ஃபைபர் என்ற கண்ணாடி இழை வழியாக ஒளியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் கசிவு இருக்கும் இடத்துக்கு மின்சாரமே போக வேண்டாம். அமோனியா காற்றில் 15 முதல் 28 விழுக்காடு வரை கலந்தால் தீப்பிடிக்கும் என்பதை நினைத்தால் இது சாதாரண வசதி இல்லை.

சரி, எந்தப் படலம்?

தம்பி முதலில் கேட்டது தங்க நானோ துகள். பெயரைக் கேட்டாலே மதிப்பாக இருக்கிறது, நியாயம்தான். தங்கத்தை 10, 20 நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) உருண்டைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் சிவப்பாக இருக்கும். துகளில் இருக்கும் எலெக்ட்ரான்கள் சேர்ந்து ஆடி 520 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் அந்தச் சிவப்பு. ஃபாரடே 1857-இல் இதைச் செய்து காட்டினார், 1908-இல் குஸ்டாவ் மீ என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டு விளக்கினார். துகளைச் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண், அதாவது அது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண், மாறினால் நிறமும் நகரும். இதை வைத்துத்தான் தங்கத் துகள் கேஸைக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று கணக்குப் போட வேண்டும். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.0003. சுத்த அமோனியாவின் எண் 1.0004-க்குக் கொஞ்சம் கீழே. அறை முழுக்க அமோனியாவாகவே நிரம்பினாலும் வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒன்று. சிறு தங்க உருண்டையோ, ஒளிவிலகல் எண் முழுசாக ஒன்று கூடினால்தான் சில பத்து நானோமீட்டர் நகரும். அப்படியென்றால் சுத்த அமோனியாவுக்கே நகர்வு ஒரு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 25 பிபிஎம்முக்கு என்ன நகரும்? எந்த டயோடாலும் பார்க்க முடியாது. வெறும் தங்கத் துகளுக்கு இந்த வேலையில் கண் தெரியாது.

அதனால்தான் ஆய்வாளர்கள் தங்கத் துகளை நிக்கல் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு மாதிரி ஒன்றுக்குள் புதைக்கிறார்கள். கேஸ் அந்த ஆக்சைடோடு வினை புரிந்து எலெக்ட்ரானைக் கொடுக்கும்; அது தங்கத்தின் நிறத்தை நகர்த்தும். கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரஜனுக்கும் இது அழகாக வேலை செய்கிறது. துகளும் கெடாமல் நெடுநாள் தாங்கும். இடையில் ஒன்று இருக்கிறது: படலம் பெரும்பாலும் 250 முதல் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால்தான் வினை நடக்கும். உலைப் புகைபோக்கிக்கு இது வசதி, அங்கே சூடு ஏற்கெனவே இருக்கிறது. குளிர்பதன அறையில் முப்பது வால்வுக்கு முப்பது ஹீட்டர் வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. மின்சாரமே வேண்டாம் என்றுதானே ஒளியிடம் வந்தோம்.

வெள்ளித் துகள் பற்றியும் கேட்டார். வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும். கந்தகம் கலந்த வாயு கொஞ்சம் பட்டாலும் வெள்ளி சல்பைடாகிக் கறுத்துவிடும், தானாக வெளுக்காது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு தடவை காட்டும் வில்லையாக வெள்ளித் துகள் நல்லது. இந்த வேலைக்கு வேண்டாம்.

அப்புறம் பாலிமர் பக்கம், அதாவது பிளாஸ்டிக் மாதிரி நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்கள். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பாலிஅனிலின் என்று ஒன்று. மின்சாரம் கடத்தும் பாலிமர்களைக் கண்டறிந்ததற்காக 2000-இல் ஹீகர், மெக்டியார்மிட், ஷிராகாவா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததே, அந்தக் குடும்பம். அமிலம் ஏற்றியிருக்கும்போது பச்சை. அமோனியா பட்டால் அமிலத்தின் புரோட்டானை அது பிடுங்கிக்கொள்ளும், பச்சை நீலமாகும். அமோனியா போனால் மறுபடி பச்சை. சூடு வேண்டாம். கண்ணாடித் துண்டை அனிலின் கரைசலில் நிறுத்தி, ஐஸ் தண்ணீர்க் குளிர்ச்சியில் அமோனியம் பெர்சல்ஃபேட்டை ஊற்றினால் பத்து, பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஓரத்திலிருந்து நீலம் படர்ந்து, பச்சையாகி, கண்ணாடி மேல் தானாகவே படலம் ஏறிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்றிய படலம் என்றால் அந்த அமிலம் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய்விடும். கேஸே படாமல் படலம் நீலத்தை நோக்கி நகரும். கற்பூர சல்போனிக் அமிலம் மாதிரி கனமான ஒன்றை ஏற்றினால் இது வெகுவாகக் குறைகிறது. இரண்டாவது, திரும்பும் வேகம். நீலமாவதற்கு ஒரு நிமிடம் என்றால் பச்சைக்குத் திரும்ப அதைப் போலப் பல மடங்கு ஆகும், குளிரில் இன்னும் மோசம். கசிந்த வால்வை இறுக்கிய பிறகு ‘இப்போது நின்றதா’ என்று பார்க்க வேண்டியவருக்கு, அரை நாள் நீலமாகவே நிற்கும் கண்ணாடி உதவாது.

இந்த இடத்தில்தான் தேர்வுக்கான என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தாள்கள் எல்லாம் ‘எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. நான் கேட்கச் சொல்வது, ‘பழைய நிறத்துக்குத் திரும்பி வருமா, நம் ஊர் ஈரத்திலும் வருமா’ என்பதை. சிங்கப்பூரில் வருடச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், விடாத மழையில் 100-ஐத் தொடும். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் உலர்ந்த காற்றில் எடுத்த வரைபடத்தை அப்படியே இங்கே நம்ப முடியாது.

மூன்றாவது வகை, அமிலம் காரம் காட்டும் சாயத்தைப் பாலிமருக்குள் கரைத்துப் பூசுவது. பள்ளியில் லிட்மஸ் பார்த்த எல்லாருக்கும் புரியும். புரோமோகிரசால் பர்ப்பிள் மஞ்சளிலிருந்து ஊதாவாகும், புரோமோபினால் புளூ மஞ்சளிலிருந்து நீலமாகும். விலை மிகக் குறைவு. சாயத்தை வைத்திருக்கும் பாலிமர் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைத் தம்பிக்குக் காட்டவே ஒரு சனிக்கிழமை இரண்டு கண்ணாடிகள் செய்தேன். இரண்டிலும் புரோமோகிரசால் பர்ப்பிள். ஒன்றில் பாலிவினைல் ஆல்கஹால், தண்ணீரில் கரையும் பாலிமர். மற்றதில் எத்தில் செல்லுலோஸ், தண்ணீர் ஒட்டாதது. இளக்கமாக இருக்கக் கொஞ்சம் பிளாஸ்டிசைசர் சேர்த்தேன். ஏர்கான் போட்ட அறையில் இரண்டும் எலுமிச்சை மஞ்சளாக, பளிச்சென்று இருந்தன. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தின் மூடியைத் திறந்து மேலே பிடித்தோம். பாலிவினைல் ஆல்கஹால் சட்டென்று ஊதாவானது, எத்தில் செல்லுலோஸ் ஓரத்திலிருந்து மெதுவாக. முதல் பார்வையில் தம்பி முதல் கண்ணாடியைத்தான் கையில் எடுத்தார்.

பிறகு இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறைச் சன்னல் ஓரத்தில் வைத்தேன். அன்றிரவு நல்ல மழை. காலையில் பாலிவினைல் ஆல்கஹால் படலம் பால் தெளித்த மாதிரி மங்கியிருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது, ஓரம் சுருங்கியிருந்தது. ஈரத்தை உறிஞ்சி உப்பி ஒளியைச் சிதறடிக்கும் படலத்தில் சாயம் மாறியதா, படலம் மங்கியதா என்று டயோடுக்குத் தெரியாது. எத்தில் செல்லுலோஸ் கண்ணாடி அப்படியே தெளிவாக இருந்தது. மறுபடி மூடியைத் திறந்து காட்டினேன். ஊதாவானது, எடுத்ததும் காப்பி ஆறும் நேரத்துக்குள் மஞ்சளுக்கு வந்துவிட்டது.

ஈரமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சாயத்திலிருந்து அமோனியாவுக்குப் புரோட்டான் போவதற்குக் கொஞ்சம் தண்ணீர் உதவி செய்கிறது; சுத்தமாக ஈரமில்லாத காற்றில் இதே படலம் சோம்பிப்போகும். அதனால் கோல்ட் ரூமின் உள்ளே, மைனஸ் 20 டிகிரியில், இந்தக் கண்ணாடிகளை மாட்டச் சொல்ல மாட்டேன். அங்கே பாலிமர் விறைத்து, கேஸ் உள்ளே நுழையவே நேரமாகும். கதவைத் திறக்கும்போதெல்லாம் பனி படியும். நல்லவேளை, வால்வுகளும் பம்புகளும் கம்ப்ரஸர் அறையில்தான் அதிகம், அந்த அறை வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பேரம்தான். புரோமோபினால் புளூ இன்னும் குறைந்த அமோனியாவுக்கே நீலமாகும். ஆனால் பிடித்ததை விட மனசில்லாமல் மெதுவாகத் திரும்பும். புரோமோகிரசால் பர்ப்பிளுக்குக் கூர்மை கொஞ்சம் குறைவு, சீக்கிரம் விட்டுவிடும். கூர்மையும் வேகமும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. இன்னொரு விஷயத்திலும் புளூ முந்துகிறது: உலர்பனிக்கட்டி பயன்படுத்தும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து காற்று லேசாக அமிலமாகும், அது பர்ப்பிளைத் தொந்தரவு செய்யும், புளூவை அந்த அளவுக்குச் செய்யாது. தம்பியின் கம்ப்ரஸர் அறையில் உலர்பனி இல்லை என்பதால் பர்ப்பிள்.

மீன் கிடங்கு என்பதால் இதையும் யோசிக்க வேண்டும். சாயத்துக்கு அமோனியா என்று பெயர் தெரியாது. காரமாக எது வந்தாலும் நிறம் மாறும். மீன் நாறும்போது வருவது டிரைமெத்திலமீன், அதுவும் காரம்தான். லாரியிலிருந்து மீன் இறக்கும் இடத்தில் இந்தக் கண்ணாடியை மாட்டினால் வால்வு கசியாமலே ஊதாவாகும். ஆகவே கம்ப்ரஸர் அறைக்குள் மட்டும், கதவு மூடியிருக்கும் பக்கமாக.

அதே குணத்தை வேறொரு வேலைக்கு அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இறைச்சி, மீன் புத்தம்புதிதா என்று சொல்லும் வண்ணப் பட்டை ஒன்றை வெளியிட்டார்கள். கைட்டோசானும் செல்லுலோஸ் வகைப் பொருளும் சாயங்களும் சேர்ந்த 20 கோடுகள். கெட்டுப்போகும்போது வரும் வாயுக்களுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறும். கைபேசிப் படத்தைக் கணினி நரம்பு வலைக்குக் கொடுத்தால் 98.5 விழுக்காடு சரியாகச் சொன்னது. அங்கே நிறம் திரும்பி வரத் தேவையில்லை. கெட்ட மீன் மறுபடி நல்ல மீன் ஆகப்போவதில்லையே. வேலை மாறினால் தேர்வும் தலைகீழாகிறது. கைட்டோசானை இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கலாம் என்பது எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

கரைப்பான் ஆவிகளை உறிஞ்சி உப்பும் சிலிக்கோன் படலங்களும் உண்டு. பெயிண்ட் கடை, அச்சுக்கூடம் என்றால் பேசலாம், அமோனியாவுக்குத் தேவையில்லை.

நானோ துகளை ஒரேயடியாகத் தள்ளிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தம்பி அமோனியாவுக்குப் பதில் ஹைட்ரஜன் என்று கேட்டிருந்தால் நான் சாயத்தைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன். ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும், மணமும் இல்லை, அதற்கு அமிலமும் காரமும் தெரியாது. அங்கே பல்லேடியம்தான் ராஜா. தன் கனஅளவைப் போல 900 மடங்கு ஹைட்ரஜனை விழுங்கி, ஹைட்ரைடாக மாறி, ஒளியியல் குணமே மாறிவிடும். 1984-லேயே ஃபைபரில் பல்லேடியம் பூசி ஹைட்ரஜனை அளந்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் அளவு ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை என்ற தொல்லை பல்லேடியத்துக்கு உண்டு, கால் பங்கு தங்கம் கலந்தால் அது தீருகிறது. கார்பன் மோனாக்சைடு பட்டால் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து பாலிமரிடம் இருக்கிறது: சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2019-இல் பல்லேடியத் துகளின் மேல் டெஃப்லானும் அக்ரிலிக்கும் பூசிப் பார்த்தார்கள். அக்ரிலிக் கார்பன் மோனாக்சைடைத் தடுத்தது, டெஃப்லான் ஹைட்ரஜன் நுழையும் வேகத்தைக் கூட்டியது, ஒரு விநாடிக்குள் பதில் வந்தது. துகளா பாலிமரா என்று கேட்டால் ஹைட்ரஜனுக்கு இரண்டும்தான். 2050-க்குள் நம் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜனிலிருந்து வரலாம் என்று 2022-இல் அரசு சொல்லியிருப்பதால், இந்தப் படலத்தை இங்கே மாட்ட வேண்டிய நாளும் வரும்.

தம்பியின் அறைக்கு வருகிறேன். முடிவு இதுதான்: சுவரில் இருக்கும் மின்வேதி மீட்டர் அப்படியே இருக்கட்டும், அலாரம் அதன் பொறுப்பு. கசியும் இடத்தைக் காட்ட எத்தில் செல்லுலோஸில் புரோமோகிரசால் பர்ப்பிள். விலை முக்கியமில்லை, மெதுவாகத் திரும்பினாலும் பரவாயில்லை என்றால் பாலிஅனிலின் என் இரண்டாவது தேர்வு. தங்கம் வேண்டாம்.

மாட்டும் முறையில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு எல்இடி போதாது. ஊதா நிறம் 590 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும், அதற்கு ஓர் ஆரஞ்சு எல்இடி. பக்கத்திலேயே 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி ஒன்று. சாயம் அதைத் தொடாது. தூசி, எண்ணெய்ப் புகை, நீராவி மங்கல் மட்டுமே அதைக் குறைக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் அழுக்கின் கணக்கு பெரும்பாலும் கழிந்துவிடும். இந்த இரண்டாவது எல்இடியின் விலை ஒரு கோப்பிகூட வராது, அதை விட்டுவிட்டுப் பிறகு பொய் எச்சரிக்கையோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, கண்ணாடிக்கு முன்னால் நுண்துளை டெஃப்லான் சவ்வு. கேஸ் போகும், தண்ணீர்த் துளி போகாது. அறையைக் குழாயடித்துக் கழுவும் வழக்கம் இருக்கிற இடத்தில் இது இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மூன்று கண்ணாடிகளை முதலில் மாட்டியிருக்கிறோம், சந்தேகப்பட்ட வால்வுகளின் தண்டுக்குச் சற்று மேலே. நான்காவதை அலுமினியத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு அலுவலக இழுப்பறையில் தம்பி வைத்திருக்கிறார், சாயம் வெளுக்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட. திங்கள்கிழமை காலையில் கண்ணாடி துடைக்கும் அந்தத் திரவத்தின் மூடியை ஒவ்வொன்றின் முன்னாலும் திறந்து காட்டி, ஊதாவாகி மஞ்சளுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறிக்கிறார். நடுவில் இருக்கும் கண்ணாடி இரண்டாவது வாரம் யாரும் எதையும் காட்டாமலே வெளிர் ஊதாவில் நின்றது. வால்வின் பேக்கிங்கை மாற்றினார்கள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு படம் அனுப்பினார், கண்ணாடி மஞ்சளாக இருந்தது.